சிவப்பு அட்டை – 8: ஒரே லயம், மூன்று பிள்ளைகள், மூன்று சட்டங்கள்

சென்ற வாரம் 1948-இல் நின்றோம். மலாயன் யூனியன் சரிந்து, பிப்ரவரி 1-ஆம் நாள் மலாயாக் கூட்டரசு உருவானது. இங்கே பிறந்தவர்களுக்கெல்லாம் குடியுரிமை என்று யூனியன் காலத்தில் எழுந்த பேச்சு நடைமுறைக்கு வராமலே போயிற்று. புதிய உடன்பாடு, பிள்ளை எங்கே பிறந்தது என்பதோடு விடவில்லை. தகப்பன் எங்கே பிறந்தான், தாய் எங்கே பிறந்தாள், இந்த மண்ணில் தொடர்ந்து 15 ஆண்டுகள் இருந்தார்களா என்று துருவியது. 1952-இல் வந்த திருத்தம் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது. இங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது இங்கே பிறந்தவராக இருந்தால் போதும் என்றது.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவின் தடுப்பு முகாமில் நாள் கழித்து, ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் பேராக் வந்து சேர்ந்த தம்பதிக்கு அந்த ஒருவர் கிடையாது. இருவருமே அக்கரையில் பிறந்தவர்கள்.

இந்த வாரம் அவர்களுடைய பிள்ளைகளின் கதை.

பேரம்

1955 ஜூலையில் மலாயா முதல் பொதுத்தேர்தலைச் சந்தித்தது. 52 இடங்களில் 51-ஐக் கூட்டணி அள்ளிக்கொண்டது. வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் மலாய்க்காரர் சுமார் 84 விழுக்காடு. சீனரும் இந்தியரும் மக்கள்தொகையில் ஏறக்குறையப் பாதி. வாக்குச்சீட்டில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பால்மரக் காடுகளில் விடியுமுன் கத்தியோடு இறங்கிய ஆயிரக்கணக்கான தமிழருக்கு, தங்களை ஆளப்போகிறவர் யார் என்று சொல்ல வழியில்லை.

அடுத்த ஆண்டு ரீட் பிரபு தலைமையில் அரசமைப்பு ஆணையம் வந்தது. பிரிட்டனிலிருந்து ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து வில்லியம் மெக்கெல், இந்தியாவிலிருந்து நீதிபதி மாலிக், பாகிஸ்தானிலிருந்து நீதிபதி அப்துல் ஹமீது. ஆணையத்தின் முன் 131 மனுக்கள் குவிந்தன. அவற்றில் கனமானது கூட்டணியின் மனு. ஏனென்றால், கூட்டணியின் மூன்று கட்சிகளான மலாய்க்காரரின் அம்னோவும் சீனரின் ம.சீ.ச.வும் இந்தியரின் ம.இ.கா.வும் தங்களுக்குள் மோதி முடித்த பிறகே அது எழுதப்பட்டது.

ம.இ.கா.வின் சார்பில் அந்தப் பேச்சுகளில் உட்கார்ந்தவர் வீ.தி. சம்பந்தன். பேராக் மண்ணின் பிள்ளை; சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அம்னோ ஒன்றை விட்டுக்கொடுத்தது: இங்கே பிறக்கும் பிள்ளை, பெற்றோர் யாராக இருந்தாலும், இந்நாட்டுக் குடிமகன். மற்ற இரு கட்சிகளும் மலாய்க்காரரின் சிறப்பு நிலையை ஏற்றன.

ஆனால் அந்த விட்டுக்கொடுப்புக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டது. சுதந்திர நாளிலிருந்துதான் அது செல்லும், பின்னோக்கிச் செல்லாது. சீனர் சங்கங்கள் பின்னோக்கியும் கேட்டன. ஈப்போவில் டி.ஆர். சீனிவாசகம், எஸ்.பி. சீனிவாசகம் என்ற வழக்கறிஞர் சகோதரர்கள் நடத்திய மக்கள் முற்போக்குக் கட்சியும் சம உரிமைக்கே குரல் கொடுத்தது. கிடைக்கவில்லை.

என் கணிப்பில், தோட்டத் தமிழரின் அடுத்த அறுபது ஆண்டு அலைச்சல் இந்த ஒரு தேதியில்தான் தொடங்குகிறது. சட்டத்தில் ஒரு நாள் குறிக்கும்போது, அதற்கு முன்னும் பின்னும் ஒரே குடும்பம் இருக்கும் என்று மேசையில் இருந்தவர்களுக்குத் தெரியாமலா போயிருக்கும்?

லகாட்

ஈப்போவிலிருந்து மெங்லெம்பு வழியாகப் பத்து காஜா போகும் பாதையில் இருக்கிறது லகாட். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயமும் ரப்பரும் கைகோத்த வட்டாரம். ஒரு பக்கம் ஈயச் சுரங்கங்கள் தோண்டிவிட்டுப் போன குட்டைகள், மறுபக்கம் நிரை நிரையாகப் பால்மரம். சற்றுத் தள்ளிப் பத்து காஜாவில், தோட்டத் துரை கெல்லி ஸ்மித்தின் முடிவடையாத மாளிகையும் அதைக் கட்டிய தமிழருக்காக எழுந்த மாரியம்மன் கோயிலும் நிற்கின்றன. இந்தத் தொடரின் மூன்றாம் பகுதியில் அங்கே போய் வந்தோம்.

இந்த வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம்; இது ஒருவர் வீட்டுக் கதை அல்ல. தகப்பனும் தாயும் 1938-க்கு முன் வந்தவர்கள். அந்த ஆண்டு ஜூனில்தான் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாள் அனுப்புவதை நிறுத்தியது. அவர்களுக்கு மூன்று பிள்ளைகள்.

மூத்தவள் பிறந்தது 1955. இரண்டாமவன் 1959. கடைக்குட்டி 1962 அக்டோபர்.

ஒரே பாயில், ஒரே மருத்துவச்சியின் கையில் பிறந்தவர்கள்தான். மூத்தவளிடம் சட்டம் கேட்டது, "உன் அப்பனோ ஆத்தாளோ இங்கே பிறந்தார்களா?" இல்லை. ஆகவே அவள் குடிமகள் அல்ல.

இரண்டாமவனிடம் அது எதையும் கேட்கவில்லை. 1957 ஆகஸ்டு 31-க்குப் பிறகு கூட்டரசில் பிறந்தான், குடிமகன். அவ்வளவுதான்.

கடைக்குட்டியிடம் என்ன கேட்டது என்பதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

ஓராண்டு

மெர்டேக்கா நள்ளிரவில் கோலாலம்பூர் திடலில் யூனியன் ஜேக் இறங்கியதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அன்று தொடங்கி 1958 ஆகஸ்டு வரை ஓடிய இன்னொரு கடிகாரத்தைப் பற்றி நம் வீடுகளில் அதிகம் பேசுவதில்லை.

புதிய அரசமைப்புச் சட்டம் சுதந்திரத்துக்கு முன் பிறந்தவர்களைக் கைவிடவில்லை. அவர்கள் பதிந்து குடியுரிமை பெறலாம். 16-ஆம் பிரிவு, இங்கே பிறந்து 18 வயது நிரம்பியவர்களுக்கு: கடந்த ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 17-ஆம் பிரிவு, வெளியே பிறந்து இங்கே வாழ்பவர்களுக்கு: கடந்த 12 ஆண்டுகளில் எட்டு ஆண்டுகள். நன்னடத்தை வேண்டும். இங்கேயே நிலையாக வாழும் எண்ணம் வேண்டும். விசுவாச உறுதிமொழி வேண்டும். ஆரம்ப நிலை மலாய்மொழி தெரிந்திருக்க வேண்டும்.

மொழியில் ஒரு சலுகை இருந்தது. இங்கே பிறந்தவர் முதல் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மலாய்த் தேர்வு இல்லை. வெளியே பிறந்தவருக்கும் அந்த ஓராண்டுச் சலுகை உண்டு. ஆனால் 45 வயது ஆகியிருக்க வேண்டும்.

நம் லயத்துத் தகப்பனுக்கு அப்போது நாற்பதுக்குள். சலுகை அவரைத் தொடவில்லை. சந்தையிலும் சீனன் கடையிலும் பேசிப் பழகிய பாசார் மலாயோடு அவர் ஓர் அதிகாரியின் முன் போய் நிற்க வேண்டும்.

எட்டு ஆண்டு வாழ்க்கைக்குச் சான்று காட்டவும் வேண்டும். 1957-இலிருந்து 12 ஆண்டு பின்னால் எண்ணிப் பாருங்கள்: 1945. ஜப்பான்காரன் சரணடைந்த ஆண்டு. சயாம் மரண ரயில் பாதை போட இழுத்துப் போகப்பட்டவர்களில் உயிர் மிஞ்சியவர்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பிய ஆண்டு. திரும்பியவர் பழைய தோட்டத்துக்கே வந்தாரா? வந்தாலும் பழைய செக்ரோல், அதாவது கூலிப் பதிவேடு, இருந்ததா? பிறகு 1948-இல் அவசரகாலம் வந்தது. லயங்கள் கம்பி வேலிக்குள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. பலர் தோட்டம் மாறினார்கள். ஒருவருடைய எட்டு ஆண்டு, மூன்று தோட்டத்து அலுவலகங்களில் மூன்று துண்டாகக் கிடந்தது.

விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து நிரைக்குப் போகிறவர் ஒருநாள் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போயிற்று. மனுப் பாரம் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்தது. அதை நிரப்பத் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் போய் நிற்க வேண்டும். கிராணி நல்லவராக இருந்த தோட்டத்தில் லயம் லயமாகப் பதிந்தார்கள். அப்படி இல்லாத தோட்டத்தில் ஆகஸ்டு வந்தது, போனது.

ஏன் பதியவில்லை?

அறியாமை என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன்.

முதல் காரணம், ஏற்கெனவே கையில் இருந்த அட்டை. 1948 ஜூன் 16 அன்று இதே பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் அவசரகாலம். அதைத் தொடர்ந்து 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் பெருவிரல் ரேகையும் ஒட்டிய அடையாள அட்டை. அது இல்லாமல் சாலையில் நடமாட முடியாது. போலீஸ்காரனே கேட்டுப் பார்த்துத் திருப்பித் தந்த அட்டை அது. "அதான் ஐ.சி. இருக்கே, இன்னும் என்ன பிரஜாவுரிமை?" என்று ஒரு பால்வெட்டுக்காரர் கேட்டால், அதில் என்ன குற்றம்? அரசாங்கம் கொடுத்த காகிதத்தை அவர் நம்பினார்.

இரண்டாவது, ஊர். இந்தியா குடியரசானபோது அதன் அரசமைப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு ஒரு வழி வைத்தது. பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால், இந்தியத் தூதரகத்தில் பதிந்து இந்தியக் குடிமகனாகலாம். ஆனால் இரட்டைக் குடியுரிமைக்கு இடமில்லை. நேருவோ, போன நாட்டையே உங்கள் நாடாக்கிக்கொள்ளுங்கள் என்று கடல் கடந்த இந்தியருக்குச் சொல்லிவந்தார்.

திருச்சிக்கோ சேலத்துக்கோ மாதந்தோறும் மணியார்டர் அனுப்பிய மனிதரிடம் போய், மலாயாவுக்கு விசுவாச உறுதிமொழி எடு என்றால் அவர் தயங்கினார். ஊரில் கால் காணி வாங்கி, மகளைக் கட்டிக்கொடுத்து, கடைசிக் காலத்தில் போய்ச் சேரலாம் என்ற கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை. உறுதிமொழி எடுத்துவிட்டால் ஊர்ப் பாதை அடைபட்டுவிடுமோ என்ற பயத்துக்கு, தோட்டத்தில் பதில் சொல்ல ஆள் இல்லை.

சம்பந்தனும் ம.இ.கா.வினரும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பதியச் சொன்னார்கள். தமிழ் நேசனும் தமிழ் முரசும் எழுதின. அந்த உழைப்பால் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் ஏராளம். எட்டாத லயங்களும் இருந்தன.

நிறம்

1960-இல் பிளாஸ்டிக் அட்டைகள் வந்தன. குடிமகனுக்கு நீலம். நிரந்தரவாசிக்குச் சிவப்பு.

அதுவரை சட்டப் புத்தகத்துக்குள் இருந்த பிரிவு, இப்போது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் நிறமாக உட்கார்ந்தது. நம் லயத்துத் தகப்பன் கையில் சிவப்பு. இரண்டாவது மகன் வளர்ந்து அட்டை எடுக்கும்போது நீலம். மூத்த மகளுக்கு? தகப்பன் குடிமகனாகியிருந்தால், 21 வயதுக்குள் அவளைப் பிள்ளை என்ற முறையில் பதிந்திருக்கலாம். அவர் ஆகவில்லை. ஆகவே அவள் 18 வயதுவரை காத்திருந்து, மலாய் தெரியும் என்று காட்டி, தானே மனுச் செய்ய வேண்டும். அதற்கு முதலில் பிறப்புப் பத்திரம் வேண்டும். லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த குழந்தையைப் போய்ப் பதிய அன்றைக்கும் ஒரு நாள் கூலி போயிருக்கும்.

இதே காலத்தில்தான் தோட்டத் துண்டாடல் உச்சத்தில் இருந்தது. சுதந்திரத்துக்கு அஞ்சிய வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அஜிஸ் தனி ஆய்வே செய்தார். வேலையும் வீடும் போனதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். 1960-இல் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அதற்கான பதில்தான். ஆனால் தோட்டத்து ஆபீஸ் மூடியபோது இன்னொன்றும் மூடியது: இன்னார் இன்ன ஆண்டு முதல் இங்கே வேலை செய்தார் என்று கையெழுத்திட்டுச் சொல்லக்கூடிய ஒரே மேசை.

1962

இங்கே பிறந்தாலே குடிமகன் என்ற விதி நீடித்தது ஐந்து ஆண்டுகள்தான்.

1962-இல் நாடாளுமன்றம் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தியது. ஆளுங்கட்சிக்குத் தேவையான பெரும்பான்மை இருந்தது. எதிர்வரிசையில் ஈப்போ உறுப்பினர் டி.ஆர். சீனிவாசகமும், லகாட்டுக்கு அண்டைத் தொகுதியான மெங்லெம்புவின் உறுப்பினர் எஸ்.பி. சீனிவாசகமும் உட்கார்ந்திருந்தார்கள்.

திருத்தம் சொன்னது இது. 1962 செப்டம்பருக்குப் பிறகு கூட்டரசில் பிறக்கும் பிள்ளைக்கு, பிறந்த நேரத்தில் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். இல்லையேல், பிள்ளை வேறு எந்த நாட்டுக்கும் குடிமகனாகப் பிறந்திருக்கக் கூடாது.

இப்போது கடைக்குட்டிக்கு வருவோம். அவன் பிறந்தது அக்டோபரில். தகப்பனிடம் சிவப்பு அட்டை இருக்கிறது, அதாவது நிரந்தரவாசி. ஆகவே பிள்ளை குடிமகன். பிழைத்தான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை? அதன் தகப்பன் துண்டாடப்பட்ட தோட்டத்திலிருந்து வந்தவர். அட்டை தொலைந்துவிட்டது; அல்லது எடுக்கவே இல்லை. அந்தப் பிள்ளை தான் வேறு நாட்டுக் குடிமகன் இல்லை என்று காட்ட வேண்டும். அங்கேதான் முடிச்சு. 1955-ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, இந்தியக் குடிமகனான தகப்பனுக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை வம்சாவளியால் இந்தியக் குடிமகன் ஆகலாம். தகப்பன் இந்தியக் குடிமகனா இல்லையா என்பதற்கு அவரிடமே காகிதம் இல்லை. இந்தியாவின் கதவைத் தட்டவும் சான்றில்லை. அது தனக்குரிய கதவு அல்ல என்று மலாயாவில் காட்டவும் சான்றில்லை.

ஒருவருக்கு இல்லாத ஒன்றை எந்தக் காகிதத்தால் மெய்ப்பிப்பது?

பாட்டன் யார்?

இலங்கை மலையகத்தில் நம் உறவுகளுக்கு இதைவிடக் கடுமையாக நடந்தது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. தேயிலைத் தோட்டத் தமிழர் லட்சக்கணக்கில் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் பெரும்பகுதியினரை இரு நாட்டுக்கும் பங்கு பிரித்தார்கள்.

இத்தாலியில் நேர்மாறான நிலை இருந்தது. பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் பிறந்து, இத்தாலிய மண்ணையே மிதிக்காத கொள்ளுப்பேரனும் எள்ளுப்பேரனும், குடியேறிய மூதாதையின் பிறப்புப் பத்திரத்தைத் தேடியெடுத்துக் குடியுரிமை கேட்க முடிந்தது; தலைமுறைக் கணக்கு இருக்கவில்லை. 2025 மார்ச் 28 அன்று ஒரே அவசரச் சட்டத்தால் அந்த அரசு அதைப் பெற்றோர், தாத்தா பாட்டி என்ற அளவுக்குள் சுருக்கியது. மே மாதம் அது நிலையான சட்டமானது. பல ஆண்டு காகிதம் சேர்த்தவர்கள் கதவடியில் நின்றுவிட்டார்கள்.

அவர்களுடைய ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் கேட்டது இரண்டாவது நாடு. லகாட் லயத்துப் பிள்ளை கேட்டது, தான் பிறந்த ஒரே நாடு. இத்தாலியருக்குப் பாட்டனின் பிறப்பிடம் உரிமையைத் தந்தது. நம்மவருக்கு அதே பாட்டனின் பிறப்பிடம் உரிமையை மறுக்கும் காரணமாயிற்று. இரண்டுக்கும் ஒரே சொல், வம்சாவளி. இது அநியாயம் என்று எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இது பழங்கதையும் அல்ல. 1962-இல் கடைக்குட்டியைக் காப்பாற்றியது "நிரந்தரவாசி" என்ற சொல். 2024 அக்டோபர் 17 அன்று மக்களவை நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்குத் தகப்பனுக்கு நிகரான உரிமையைத் தந்தது; வரவேற்க வேண்டிய செய்தி. அதே திருத்தம் அந்தச் சொல்லை நீக்கவும் வகை செய்தது. அது நடப்புக்கு வந்தபின், சிவப்பு அட்டைப் பெற்றோருக்கு இங்கே பிறக்கும் பிள்ளை தானாகக் குடியுரிமை பெறாது.

அடுத்து

1962-இல் சிவப்பு அட்டை ஒரு நிறம் மட்டுமே. வாக்கு இல்லை, ஆனால் வேலை இருந்தது, லயம் இருந்தது, பால்மரம் இருந்தது. தகப்பன்மார் அதோடு சமாதானமானார்கள்.

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய இனி பெர்மிட் வேண்டும். 1969-இல் அது தோட்டங்களுக்குள் நுழைந்தபோது, முப்பது ஆண்டு பால் வெட்டியவர்கள் தாங்கள் பார்த்துவந்த அதே வேலைக்கு அனுமதி கேட்டு வரிசையில் நின்றார்கள். சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

நம் லயத்துத் தகப்பன் அந்த வரிசையில் நிற்கும்போது மூத்தவளுக்கு 14 வயது. எந்த நாட்டுக் காகிதமும் இல்லை. இரண்டாமவனுக்குப் பத்து, மலேசியக் குடிமகன். கடைக்குட்டிக்கு ஏழு, அவனும் குடிமகன். பெர்மிட் மறுக்கப்பட்டால் தகப்பன் போக வேண்டும்.

பிள்ளைகளில் யார் அவரோடு கப்பலேறுவார்கள்? இங்கே விடப்படுகிறவர்களை யார் வளர்ப்பார்கள்?

அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டில் 1969 பெர்மிட்டோ, பழைய சிவப்பு அட்டையோ, தோட்டத்துச் செக்ரோல் தாளோ இருந்தால், கிழிந்திருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளின் குடியுரிமை மனுவுக்கு அது இன்றும் தேவைப்படலாம்.

(தொடரும்)